மறு முனை

கறை போக உப்பு, கல்லிடுக்கில் ஓடும் நீர்,
ஆகஸ்டில் ஓடையோரப் பனியை உடைக்க ஒரு குச்சி.
பலிபீடத் துணியைப் பதினோரு ஆண்டாக
நான்தான் துவைக்கிறேன்.
லெசோத்தோ மலையில், சாலை முடிந்து
குதிரைத் தடம் தொடங்குகிற இடத்தில் எங்கள் கோயில்.
தகரக் கூரை. காற்று வலுத்தால்
ஆராதனையில் பாதி கேட்காது.

முன்பெல்லாம் மாதம் ஒரு பொட்டு,
சில மாதம் அதுவும் இல்லை.
மொட்லாலெபூலா ஐயரின் வலக்கை நடுங்கத் தொடங்கிய பிறகு
ஒன்பது. பதினான்கு.
ஈஸ்டரன்று எண்ணுவதை விட்டேன்.

மாசேருவில் இருக்கும் பேராயருக்குக் கடிதம் எழுதினேன்.
மரியாதையாகத்தான்.
உறுதியான கை உள்ள ஒருவரை
எங்களுக்கு அனுப்புங்கள் என்று.
எழுத்து நேராக, அழகாக இருந்தது.
என் கை எதையும் சிந்தியதில்லை.
கணவரைப் புதைத்த அன்றும்
வந்தவர் எல்லாருக்கும் நானே தேநீர் ஊற்றினேன்,
தட்டில் ஒரு சொட்டு விழாமல்.
ஊரில் அதை இன்னும் சொல்வார்கள்.

பனி கொட்டி, தபால் வண்டி மேலே ஏறவில்லை.
கடிதம் என் போர்வை மடிப்பில், ஊக்குக்குப் பின்னால்,
மூன்று வாரம்.

அந்த ஞாயிறு ட்ஸெலீசோ வந்தான்.
வெல்கோம் தங்கச் சுரங்கத்தில் பதினேழு வருடம்
பாறை துளைக்கும் கருவியைப் பிடித்தவன்.
கருவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்;
அதிர்வை மட்டும் அவனோடு அனுப்பிவிட்டார்கள்.
சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட வேண்டும்.
கோயிலுக்கு வந்தாலும் கடைசிப் பெஞ்சு.
கிண்ணம் வரும் நேரம்
குதிரையைப் பார்க்க வெளியே போய்விடுவான்.
இரண்டு வருடமாய் அந்தக் குதிரைக்குச்
சரியாக அந்த நேரத்தில்தான் ஏதோ ஆகும்.

அன்று எழுந்து முன்னால் நடந்தான்.
ஏனென்று பிறகு அவனையே கேட்டேன்.
"அவர் கையைப் பார்த்தேன்" என்றான். அவ்வளவுதான்.

முழங்காலிட்டான்.
ஐயர் கிண்ணத்தை நீட்ட
வெள்ளி அவன் பல்லில் தட்டியது, டக் டக் டக்,
கூரைத் தகரத்தில் ஆலங்கட்டி விழுவதுபோல்.
ஏதோ ஒரு குழந்தை சிரித்தது.
ஐயரும் சிரித்தார்.
"நீ அந்தப் பக்கம் பிடி, ட்ஸெலீசோ.
நான் இந்தப் பக்கம்."

நான்கு கை. நடுக்கம் நிற்கவில்லை.
அற்புதம் என்று பதிவேட்டில் எழுத ஒன்றும் இல்லை.
இரண்டு நடுக்கம், ஒன்றின் தாளம் மற்றதோடு சேராமல்,
போர்வையில், துணியில், பலகைத் தரையில்
சிந்தச் சிந்த
ஒரு மிடறு உள்ளே போயிற்று.
அவன் விழுங்கியது எனக்குக் கேட்டது.

அடுத்தவள் நான்.
கிண்ணத்தை என் கையிலேயே வாங்கிக் குடித்தேன்.
சிந்தவில்லை.
மறுபக்கம் இன்னொருவர் பிடிக்க
இடமே வைக்காத கை.
அதை அப்போதுதான் பார்த்தேன்.

வாசலில் ஐயர் என்னை நிறுத்தினார்.
"இதை எடுத்துப்போடும் என்று மூன்று முறை கேட்டேன், அம்மா.
நான்காம் முறை கேட்கவில்லை.
துணிக்காக மன்னியுங்கள்."
மடிப்புக்குள் கடிதம் முறுமுறுத்தது.
காற்றுச் சத்தம் என்று நினைத்திருப்பார்.

திங்கட்கிழமை, ஓடை.
ஈரத் துணியைப் பிழிய இரண்டு பேர் வேண்டும்.
நான் ஒரு முனையை வேலிக் கம்பத்தில் கட்டித்
தனியே முறுக்குவேன்.
பதினோரு ஆண்டாக அந்தக் கம்பம்தான்.

குதிரைக்குத் தண்ணீர் காட்ட ட்ஸெலீசோ இறங்கி வந்தான்.
கூப்பிட வாய் எழவில்லை.
இப்படி ஒரு சின்ன வாக்கியத்துக்கு
இவ்வளவு மேடா?
மூச்சு வாங்கிற்று எனக்கு.
கடைசியில், வசைச்சொல் சொல்கிறவள்போல்
முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன்:
"இந்த முனையைக் கொஞ்சம் பிடி."

பிடித்தான்.
துணியின் நீளம் முழுக்க அவன் கை ஓடி வந்து
என் மணிக்கட்டில் நடுங்கியது.
ஏன் என்று தெரியவில்லை, நான் இழுக்காமல்
சற்று நேரம் அப்படியே நின்றேன்,
குதிரை எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருக்க.

கறை முழுதும் போகவில்லை.
கடிதம் மடிப்பில்தான் இருக்கிறது.
நனைந்திருக்கும்.